நாக்கு யாருக்காகச் சாட்சி சொல்கிறது?

1

தமிழில் விமர்சனம் என்று ஒன்றைத் தொடங்கிய நாளிலிருந்து நாம் விடாமல் புழங்கிவரும் சொல் ரசனை. க.நா.சு. பட்டியல் போட்டார். ஏன் இந்த நாவல் உள்ளே, ஏன் அந்த நாவல் வெளியே என்று கேட்டவர்களுக்கு, நல்ல வாசகனுக்குத் தெரியும் என்கிற தொனியில்தான் விடை கிடைத்தது. அவர் வழி வந்தவர்கள் ரசனையை ஏதோ பிறவியிலேயே வாய்த்த வரம்போலப் பேசினார்கள். எதிர்த்தரப்பில் மார்க்சியர்களும், பிறகு வந்த அமைப்பியல்காரர்களும் அந்தச் சொல்லையே சந்தேகத்தோடு பார்த்தார்கள். வர்க்கத்தின் முகமூடி என்றார்கள், அகவயப் பிதற்றல் என்றார்கள். பூர்தியு 1979-இல் பிரெஞ்சுச் சமூகத்தை வைத்து எழுதிய பெரிய நூல் இந்த இரண்டாம் தரப்புக்குக் கையில் நல்ல ஆயுதமாகக் கிடைத்தது. எது நல்ல ருசி என்று சொல்வதன் வழியாகவே ஒரு வர்க்கம் தன்னை இன்னொரு வர்க்கத்திடமிருந்து பிரித்துக் காட்டிக்கொள்கிறது என்பது அவர் வாதம்.

இரண்டு தரப்பும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். காலையில் கிளம்பிப் போய், நாக்கை வைத்து வேலை பார்த்து, மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுடைய ரசனை எப்படி வேலை செய்கிறது? அதற்கு யார் பயிற்சி தருகிறார்கள்? அதன் தீர்ப்பால் யாருக்கு லாபம்? இதைப் பார்த்துவிட்டு வந்தால் இலக்கிய ரசனை பற்றிய நம்முடைய பழைய சண்டை கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

இத்தாலியில் இப்படியான ஆளைத் தேடினால் ஒயின் நிபுணரிடம் போய் நிற்போம். அங்கே அது பெரிய தொழில், பெரிய அதிகாரம். நம் பக்கம் ஒயினுக்கு அந்த இடம் கிடையாது. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் ஒயின் ஜாடிகளின் உடைசல்கள் வந்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு சொல்கிறது. அவ்வளவோடு சரி. நமக்கு ஒயினின் ஸ்தானத்தில் இருப்பது காப்பி. ஆகவே காப்பியிலிருந்து தொடங்குகிறேன்.

2

சுனாலினி மேனன் என்ற பெயர் காப்பி வணிகத்தில் இருப்பவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரியும். இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சென்னையில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். 1972-இல் பெங்களூரிலுள்ள காப்பி வாரியத்தில் உதவிச் சுவைஞராகச் சேர்ந்தார். ஆசியாவில் இதைத் தொழிலாக ஏற்ற முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். வாரியத்தின் தரக்கட்டுப்பாட்டு இயக்குநர் பதவிவரை உயர்ந்து, இருபது வருஷங்களுக்கு மேல் பணியாற்றி, 1990களின் நடுவில் வெளியேறினார். பிறகு பெங்களூரிலேயே சொந்தமாகக் காப்பிச் சோதனைக்கூடம் ஒன்றை நிறுவினார்.

ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து ருசி பார்க்க வைத்தார்கள் என்பதில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆசாரமான வீடுகளில் சமைக்கிற பெண் சமையலை ருசி பார்க்கக்கூடாது. சாமிக்குப் படைக்கும்வரை, ஆண்கள் சாப்பிட்டு எழும்வரை, உப்பு சரியா என்பதை வாசனையை வைத்துத்தான் அவள் கண்டுகொள்ள வேண்டும். எல்லார் நாக்குக்கும் தீனி போடுகிறவளுக்குத் தன் நாக்கைப் பயன்படுத்த உரிமை இல்லை. தீர்ப்புச் சொல்கிறவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். இந்த ஏற்பாட்டை வைத்துப் பார்த்தால் 1972-இல் நடந்தது சாதாரணப் பணிநியமனம் இல்லை. தீர்ப்புச் சொல்லும் இடம் கூடத்திலிருந்து நகர்கிறது.

அந்த வேலை எப்படி நடக்கிறது? பச்சைக் கொட்டையை லேசாக வறுத்து, அரைத்து, வரிசையாக வைத்த கோப்பைகளில் போட்டு வெந்நீர் ஊற்றுகிறார்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. தூள் மேலே எழும்பி ஆடைபோல நிற்கும். சில நிமிஷம் கழித்து மூக்கைக் கிட்டே கொண்டுபோய் அந்த ஆடையைக் கரண்டியால் உடைக்கிறார்கள். முதல் தீர்ப்பு அங்கே. பிறகு ஒரு கரண்டி எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சுவார்கள். காற்றோடு சேர்ந்து திரவம் வாய் முழுக்கத் தெறித்து, மணம் மேலண்ணத்தின் வழியாக மூக்குக்கு ஏற வேண்டும். அப்புறம் துப்பிவிடுவார்கள். அடுத்த கோப்பை. கோப்பையில் எண் மட்டுமே இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்காது.

இதில் நம் கடைத்தெரு அறிவைக் கலைக்கிற விஷயம் ஒன்று உண்டு. மளிகைக்கடையில் ‘பிளான்டேஷன் ஏ குடுங்க’ என்று கேட்கிறோம். அந்த ‘ஏ’ ருசிக்குக் கொடுத்த மதிப்பெண் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சல்லடைக் கணக்கு. 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்கிற கொட்டை ‘ஏ’. அதைவிடச் சின்னது ‘பி’. பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒரே கொட்டை உருண்டையாக விளைந்தால் பீபெரி. அதாவது நாம் ருசி என்று நம்பிக் காசு கொடுப்பது உருவ அளவுக்கு. நாக்கு சொல்வது தனி. சல்லடையும் நாக்கும் ஒன்று என்று நம்பவைப்பதில்தான் வணிகமே நடக்கிறது. விருதும் பதிப்பக முத்திரையும் நம்மிடையே செய்கிற வேலை இதிலிருந்து ரொம்ப தூரமில்லை.

3

சுனாலினி மேனனின் பணிவாழ்க்கை நடுவில் சரியாக ஒரு பொருளாதார முறிவின் மேல் படுத்திருக்கிறது. இதை வெறும் தனிநபர் வரலாறாகப் படிக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

1940களில் வந்த சட்டத்தின்படி நாட்டில் விளையும் காப்பி முழுவதும் வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். ஏற்காட்டுக் கொட்டையும் குடகுக் கொட்டையும் சிக்மகளூர்க் கொட்டையும் ஒரே குவியல். விளைவித்தவருக்குத் தரப் புள்ளிக் கணக்கில் தவணை தவணையாகப் பணம். வாரியம் ஏலம் போட்டு விற்கும். ஏற்றுமதியில் பெரும்பங்கு ரூபாய் வணிகத்தில் சோவியத் யூனியனுக்குப் போயிற்று. 1989-இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை உடைந்தது, 1991-இல் சோவியத் யூனியனே உடைந்தது. 1992-இலிருந்து படிப்படியாகத் தளர்த்தி, 1996-க்குள் விளைவித்தவர் தன் காப்பியைத் தானே விற்கலாம் என்று ஆனது.

தொகுப்பு முறையைத் தூற்றுவது இன்று சுலபம். உலக விலை சரிந்த காலங்களில் சின்ன விவசாயிக்கு அது ஒரு திண்ணை மாதிரி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ருசியின் கோணத்திலிருந்து பார்த்தால் அது பெயரை அழிக்கிற இயந்திரம். சுவைஞர் நாள் முழுக்க உறிஞ்சித் துப்பிக் கண்டுபிடித்த நுணுக்கம், கடைசியில் குவியலில் கரைந்துவிடும். அரசின் நாக்காக இருப்பது என்றால் இதுதான்: எல்லாம் தெரியும், எதையும் தனியாகப் பெயர் சொல்லிக் காட்ட முடியாது.

முறிவுக்குப் பிறகு அதே நாக்கு விளைவித்தவர் பக்கம் நகர்கிறது. இந்த மலைச்சரிவு, இந்தத் தோட்டம், இந்த வருஷத்து மகசூல் என்று தனித்தனியே சோதித்து, எதனால் ருசி கெட்டது, பழத்தைப் பறித்ததிலா, புளிக்கவைத்ததிலா, உலர்த்தியதிலா என்று திருப்பிச் சொல்கிற வேலை. தீர்ப்புச் சொல்லி முடித்துக்கொள்ளாமல் குறையை அதன் காரணம்வரை கொண்டுபோய் உற்பத்தி செய்தவரிடமே சேர்ப்பது. விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் எத்தனை சதவீதம் இதைச் செய்கிறது?

குறை என்பதே நிலையானது இல்லை. மழைக்காற்றுக் காப்பி என்று சொல்லத்தக்க ‘மான்சூன்டு மலபார்’ இதற்கு நல்ல சாட்சி. பாய்மரக் கப்பல் காலத்தில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பா போய்ச்சேர மாசக்கணக்காகும். கடல் ஈரத்தில் கொட்டை ஊதி, பச்சை போய் மஞ்சளாகி, புளிப்பு செத்துவிடும். சாதாரணக் கணக்கில் கெட்டுப்போன சரக்கு. 1869-இல் சூயஸ் திறந்து, நீராவிக் கப்பல்களும் பெருகிப் பயணம் சுருங்கியபோது, சரக்கு ‘நன்றாக’ வந்துசேர்ந்தது. வாங்கிப் பழகியவர்களோ அந்தப் பழைய ருசி எங்கே என்று தேடினார்கள். ஆகவே மேற்குக் கரைக் கிட்டங்கிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொட்டையைப் பரப்பி அந்தக் கேட்டை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். பின்னாளில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறைக்கும் குணத்துக்கும் நடுவிலுள்ள கோட்டை யார், எப்போது, யாருக்காகப் போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது அந்த மொழியைக் கொச்சை என்றார்கள். அதே மொழி பின்னர் பாடத்திட்டத்தில் ஏறிக் குணமாயிற்று. மொழி மாறவில்லை. கோடுதான் மாறிற்று.

4

காப்பியைத் தமிழில் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேசுவது பித்தலாட்டம். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் நடுத்தர வர்க்கம், குறிப்பாகப் பிராமண நடுத்தர வர்க்கம், காப்பியைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டதை விரிவாகக் காட்டியிருக்கிறார். 1957-இல் பெரியார் சென்னையில் முரளி கபே முன்னால் ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்தியதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

என் கவனம் வேறு இடத்தில். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பதை நாம் நாகரிகம் என்று பழக்கியிருக்கிறோம். எச்சில் என்ற கருத்தாக்கம் நம் உடம்புக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. தொழில்முறைச் சுவைஞர்களின் மேஜையில் நடந்ததோ நேர் எதிர். நாலைந்து பேர் ஒரே கோப்பையில் மாறிமாறிக் கரண்டியை விட்டு எடுப்பார்கள். வாயில் வைத்த கரண்டியை வெந்நீரில் அலசிவிட்டு அடுத்த கோப்பையில் விடுவார்கள். பக்கத்திலேயே துப்புகிற பாத்திரம். 2020-இல் கொரோனா வந்தபிறகுதான் தனித்தனிக் கோப்பை, தனித்தனிக் கரண்டி என்ற விதிமுறைகள் வந்தன. ஒரே கோப்பையில் பலர் நாக்கு வைத்தால்தான் ஒரு தீர்ப்பு பொதுத் தீர்ப்பு ஆகும் என்பது அந்தத் தொழிலின் உள்விதி. தூக்கிக் குடிக்கிற சமூகத்தில் ருசி பற்றிப் பொதுவான பேச்சு உருவாகாமல் போனதற்கும், இலக்கியத்தில் நம் ரசனைகள் எல்லாம் தனித்தனி டம்ளராகவே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறதா? நான் இருக்கிறது என்கிறேன். மறுப்பவர்கள் எழுதலாம்.

5

இப்போது இத்தாலிக்காரர் ஒருவரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. லூயிஜி வெரோனெல்லி. 1926-இல் மிலானில் பிறந்தவர். தத்துவம் படித்தவர், தன்னை அராஜகவாதி என்று அறிவித்துக்கொண்டவர். 1950களில் பதிப்பாளராக இருந்து சாத் பிரபுவின் கதைகளை வெளியிட்டதற்காக ஆபாச வழக்கில் தண்டிக்கப்பட்டார். அப்புறம்தான் ஒயின். இத்தாலிய ஒயின்களைப் பட்டியலிட்டார், தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திப் பிரபலமானார். பட்டியல் போட்டவர் என்ற அளவில் அவர் நமக்குத் தெரிந்த வகைதான். ஆனால் பட்டியலோடு நிற்கவில்லை.

இத்தாலியில் 1963-இல் ஒயின்களுக்குப் பிறப்பிடச் சான்று தரும் சட்டம் வந்தது. அது பெரிய ஆலைகளுக்குச் சாதகமாகவே வேலை செய்கிறது என்று வெரோனெல்லி சண்டை போட்டார். ஒவ்வொரு ஊராட்சியும் தன் விளைபொருளுக்குத் தானே சான்று தரட்டும் என்றார். புட்டியில் விளைவித்த குடியானவனின் பெயரும், எந்த நிலத்துத் திராட்சை என்பதும் இருக்க வேண்டும் என்றார். பியெமோந்தே பகுதித் திராட்சை விவசாயிகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டினார் என்று வழக்குப் போட்டு அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். 2003-இல், எழுபத்தேழு வயதில், மிலானின் லியோன்கவாலோ என்ற இடதுசாரி இளைஞர் மையத்தோடு சேர்ந்து சிறு விவசாயிகளின் ஒயினுக்காக இயக்கம் தொடங்கினார். மறுவருஷம் இறந்துபோனார்.

பெயர் வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் வெறும் மேட்டிமை ரசனை இல்லை. 1986-இல் இத்தாலியில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனாலை எந்த நிபுணனின் நாக்கும் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. நாக்கு தோற்கிற இடத்தில் மிஞ்சுவது, இதைச் செய்தவன் யார், எங்கே இருக்கிறான் என்ற கேள்விக்குப் பதில்தான். 2023-இல் மரக்காணத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் செத்தவர்கள் குடித்தது பெயரில்லாச் சரக்கு. ருசியும் பெயரும் உயிர்ப் பிரச்சினை என்பதை நமக்கு இத்தாலியிலிருந்து வந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சங்க நூல்களில் கள்ளுக்கு எத்தனை சொல்! தேறல், நறவு, தோப்பி, மட்டு, அரியல், பிழி. அரிசியில் ஆனதா, தேனில் ஆனதா, தெளிந்ததா, மூங்கில் குழாயில் நாள்பட முதிர்ந்ததா என்ற பேதமெல்லாம் அங்கே உண்டு. 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கி விற்பது தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில். இப்போது குடிக்கிறவர் வாயில் இருக்கிற சொற்கள் என்ன? ‘குவாட்டர்’, ‘ஆஃப்’, ‘ஃபுல்’. மூன்றும் அளவு. ஒன்றுகூட ருசியைச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் சுவைச் சொற்கள் அளவைச் சொற்களாக மாறியதைத் தமிழ் படித்த நாம் ஒரு மொழியியல் நிகழ்வாகக்கூடக் குறித்துவைக்கவில்லை. குடியைப் பற்றி அறம் பேசினோம், வருமானம் பேசினோம். நாக்கைப் பேசவில்லை.

6

சுனாலினி மேனன், வெரோனெல்லி இருவர் வாழ்க்கையிலும் மரியாதைக்குரியது இருக்கிறது. இருவருமே தம் நாக்கை உற்பத்தியின் பக்கமாகத் திருப்பினார்கள். ஆனால் இருவருடைய உலகத்திலும் பெயர் போய் நிற்கிற இடம் தோட்டத்தின் கதவு. வெரோனெல்லியின் குடியானவன் பெரும்பாலும் தன் நிலத்தில் தானே உழைப்பவன். காப்பித் தோட்டம் அப்படியில்லை. செடியில் ஒரே கொத்தில் பச்சைப் பழமும் செங்காயும் கனிந்த சிவப்பும் சேர்ந்தே இருக்கும். சிவந்ததை மட்டும் விரல் பொறுக்கி எடுக்க வேண்டும். பச்சை கலந்தால் கோப்பையில் துவர்ப்பு. அதிகம் பழுத்துப் புளித்தது கலந்தால் நாற்றம். ஆக, முதல் தரத்தீர்ப்பு கோப்பைக்கு வெகுதூரத்தில், கூலிக்குப் பறிக்கிற பெண்ணின் கண்ணிலும் விரலிலும் நடந்துமுடிந்துவிடுகிறது. கடைசியில் உறிஞ்சுகிறவர் அந்தத் தீர்ப்பைத்தான் வழிமொழிகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்துபோன தமிழ்க் கூலிகளிலிருந்து இந்தக் கண்ணுக்கும் விரலுக்கும் பெயர் கிடையாது. காப்பிப் பொட்டலத்தில் தோட்டத்தின் பெயர் வந்துவிட்டது, கடல்மட்டத்திலிருந்து உயரம் வந்துவிட்டது. பறித்தவள் வரவில்லை.

நான் இருக்கிற காக்களூரில் காப்பி விளையாது. தொழிற்பேட்டை இருக்கிறது, ஆவின் பால் பண்ணை இருக்கிறது. கேன்களில் பால் வந்த காலத்தில் பால் பண்ணைகளின் வாசலில் ஒரு ஆள் நிற்பார். கேன் மூடியைத் திறந்ததும் மூடியின் உள்பக்கத்தை முகர்ந்து பார்த்து, ‘ஆவும்’, ‘ஆவாது’ என்று சொல்லிவிடுவார். கொழுப்புச் சோதனையும் பால்மானியும் அதற்கப்புறம். பால் தொழில்நுட்பப் பாடப் புத்தகங்கள் இதைப் புலன்வழிச் சோதனை என்று முதல் இடத்தில் வைத்திருக்கின்றன. ஊர்ச் சங்கத்தில் இப்போது மின்னணுக் கருவி பார்க்கிறது, குளிரூட்டும் தொட்டியும் டேங்கர் லாரியும் வந்துவிட்டன. அந்த மூக்கும் பயிற்சி பெற்ற மூக்குத்தான். ஒரு விநாடியில் புளிப்பின் தொடக்கத்தைப் பிடித்த மூக்கு. அதை நிபுணத்துவம் என்று யாரும் சொன்னதில்லை. ‘டெஸ்டர்’ என்றார்கள், ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போனார். ஒரே திறமை ஒரு இடத்தில் நிபுணராகிறது, இன்னொரு இடத்தில் கூலியாகிறது. வித்தியாசம் புலனில் இல்லை. புலன் சொன்னதை எழுதி, அச்சடித்து, கேட்கவைக்கிற நிறுவனம் பின்னால் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

பூர்தியுவை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த இடம் தெரியாது. ருசி என்பதெல்லாம் வர்க்க வேஷம் என்று முடித்துவிட்டால், மூடியை முகர்ந்தவரின் அறிவும் பழம் பொறுக்கியவளின் அறிவும் வேஷமாகிவிடும். ரசனை விமர்சகர்களை மட்டும் நம்பினாலும் ஆகாது. ரசனை உண்மையானது, கற்றுக்கொள்ளக்கூடியது, பலர் நாக்கு பட்டுச் சரிபார்க்கக்கூடியது. அதோடு அதற்கு ஒரு எஜமானரும் எப்போதும் உண்டு. இந்த இரண்டையும் ஒருசேரப் பிடிக்கிற விமர்சனம்தான் நமக்குத் தேவைப்படுகிறது.

நடைமுறையில் இது என்ன? புத்தகத்துக்குத் தீர்ப்புச் சொல்லும்போது கோப்பையில் எண் மட்டும் இருக்கட்டும். ஆசிரியர் யார், எந்தக் குழு, எந்தச் சாதி, எந்தப் பதிப்பகம் என்று தெரிவதற்கு முன்னால் உறிஞ்சிப் பார்க்கிற ஒழுக்கம் வேண்டும். தீர்ப்புச் சொன்னபிறகு எண்ணை எடுத்துவிட்டுப் பெயர்களை எழுத வேண்டும், முடிந்தமட்டும் எல்லாப் பெயர்களையும். இந்த மொழியை எந்த ஊரின் எந்தத் தெரு விளைவித்தது, யார் பேசிப் பழுக்கவைத்த சொல்லை யார் பறித்தார் என்பதுவரை. குறை கண்டால் பறித்ததிலா, உலர்த்தியதிலா என்று இடம் சுட்டிச் சொல்ல வேண்டும். கூடவே, நான் யாருடைய சம்பளத்தில், யாருடைய மேஜையில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்பதையும்.

பட்டியல் போடுகிறவர்கள் போடட்டும். அடுத்த பட்டியல் வரும்போது, அதைப் போட்டவரிடம் இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு மேலே படிக்கலாம்.